"பிள்ளைகள் சென்னைக்கு வந்தார்கள், எங்களோடு வரவில்லை"

கடலூரிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவர் சொந்தமாகக் கடை நடத்துகிறார். வாரத்தில் ஒரு நாள் கடைக்கு விடுமுறை என்றாலும் அதுவும் சரக்கு எடுக்கப் போவதிலேயே கழிந்துவிடும். மகள் பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள், நன்றாகப் படம் வரைவாள். மகன் எட்டாம் வகுப்பு, ரயில் என்றால் உயிர். மே மாதம் கணவர் ஆசைப்பட்டு ஒருநாள் சென்னைப் பயணம் ஏற்பாடு செய்தார். வாடகைக் கார். விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி வண்டலூர் உயிரியல் பூங்கா, அடுத்து தி.நகரில் துணி எடுப்பது, அப்புறம் திருவல்லிக்கேணி, சாயங்காலம் மெரினா, இரவே ஊர் திரும்புவது.

"காரில் ஏறியதிலிருந்து பெரியவளுக்குக் காதில் இயர்போன்தான். வண்டலூரில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சாப்பாடு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்றாள். அவர் விளையாட்டாக அவள் முகத்தைப் படமெடுத்து 'சிரிக்கத் தெரியாத இளவரசி' என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டார். அதைப் பார்த்துவிட்டு அழுதாள். ரங்கநாதன் தெருவில் சின்னவன் கூட்டத்தில் பிரிந்துவிட்டான். இருபது நிமிடம் என் உயிரே என்னிடம் இல்லை. ஒரு கடை வாசலில் நின்று ஏதோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவனை இவர் எல்லோர் முன்னாலும் அறைந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன் நாலு வருடம் இவர் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி வேலை பார்த்தவர். அந்த இடத்தைக் காட்டத்தான் இத்தனை ஆசையும். அங்கே போய் நின்றதும் மகள், 'இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்று கேட்டாள். அவர் பேசாமல் காரில் ஏறிக்கொண்டார். மெரினாவில் இறங்கவே இல்லை. பிள்ளைகள் சென்னைக்கு வந்தார்கள், எங்களோடு வரவில்லை."

அதன்பிறகு கணவர், "இனி இவர்களை எங்கேயும் கூட்டிப்போவதாக இல்லை" என்று சொல்லிவிட்டாராம். நாத்தனார் பிள்ளைகள் எங்கே போனாலும் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறார்களே, நம் வளர்ப்பில்தான் கோளாறா என்று இவருக்குக் கவலை. இப்போது மகள், காலாண்டு விடுமுறையில் இரண்டு தோழிகளோடு தனியாகச் சென்னைக்குப் போய் ஒரு ஷாப்பிங் மாலைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்கிறாள். போகவிடலாமா? அடுத்த முறை எல்லோரும் சேர்ந்து போனால் போனை வாங்கி வைத்துவிடலாமா? பெற்றோரோடு வெளியே போகும் வயதே இவர்களுக்கு முடிந்துவிட்டதா? இவைதான் கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வயது இன்னும் முடிந்துவிடவில்லை. உங்கள் பிள்ளைகள் உங்களைவிட்டு விலகிப் போய்விட்டதற்கான அடையாளம் எதுவும் இந்தக் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. தூக்கம் கெட்ட, வெயிலில் வாடிய, தங்கள் விருப்பத்தை யாரும் கேட்காத இரண்டு பிள்ளைகள்தான் தெரிகிறார்கள். கூடவே, மனதில் இருந்ததைச் சொல்லத் தெரியாமல் நொந்துபோன ஒரு அப்பாவும் தெரிகிறார். இன்னொன்றையும் கவனித்தேன். இத்தனை பக்கம் எழுதிய நீங்கள், சென்னையில் நீங்கள் எதைப் பார்க்க ஆசைப்பட்டீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நான்கு பேர் போன பயணத்தில் ஒருவர் போட்ட திட்டம் மட்டும்தான் இருந்தது.

அந்த நாள் எங்கே கெட்டது

மூன்றரைக்குக் கிளம்ப இரண்டரைக்காவது எழுந்திருக்க வேண்டும். உங்களுக்கும் கணவருக்கும் அது பழகியிருக்கலாம். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் என்ற சுரப்பு இவர்களுக்கு இரவில் தாமதமாகத்தான் கூடுகிறது. ஒன்பது மணிக்கே படு என்றால் படுக்கலாம், தூக்கம் வராது. 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. அன்றைக்கு உங்கள் மகள் மூன்று மணி நேரம் தூங்கியிருந்தாலே அதிகம். அந்த நிலையில் கத்திரி வெயிலில் வண்டலூர். 600 ஹெக்டேருக்கு மேல் பரந்த இடம் அது. பெரியவர்களே சோர்ந்துபோவார்கள்.

அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கோபமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியூரில் கழிப்பறை எங்கே இருக்கும், சுத்தமாக இருக்குமா என்ற பயத்தில் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காத பெண்பிள்ளைகள் நிறைய பேர். அன்று மாதவிடாய் நாளாக இருந்தால் சொல்லவே வேண்டாம். அப்பாவும் தம்பியும் டிரைவரும் இருக்கிற காரில் அதை எப்படிச் சொல்வாள்? இதை நீங்கள் ஒருத்திதான் தனியாகக் கேட்க முடியும். நடந்து மாதங்கள் ஆகிவிட்டதே என்று நினைக்காமல் இப்போதாவது கேளுங்கள். அடுத்த முறை எங்கே போனாலும், நல்ல கழிப்பறை உள்ள இடங்களை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மெட்ரோ நிலையங்களும் பெரிய மால்களும் இதற்கு உதவும்.

அடுத்தது அந்த ஸ்டேட்டஸ். அப்பாவுக்கு அது செல்லக் கிண்டல். மகளுக்கு அது சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், ஒருவேளை கூடப் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் என்று அத்தனை பேர் பார்வையிலும் நிறுத்தப்பட்ட அவமானம். இந்த வயதில் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற உணர்வு மிக வலுவாக இருக்கும். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் எப்போதும் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல அவர்கள் நடந்துகொள்கிறார்கள் என்பது அவர் சொன்னது. உங்கள் மகளுக்கு அன்று அந்தக் கூட்டம் கற்பனையாகவும் இல்லை, நிஜமாகவே அப்பாவின் போனில் இருந்தது. பிள்ளையின் படத்தைப் பொதுவில் போடுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பது பெற்றோருக்குத் தாழ்வு இல்லை. வேண்டாம் என்று அவள் சொன்னால் போடக் கூடாது. நாத்தனார் பிள்ளைகள் போட்டோவில் சிரிப்பதை வைத்து எதையும் அளக்காதீர்கள். அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் காரில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

திருவல்லிக்கேணி

கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த இடம்தான். ஊரைவிட்டு வந்த ஓர் இளைஞன், மேன்ஷனில் ஒரு கட்டில் அளவு இடம், மெஸ் சாப்பாடு, மாசக் கடைசியில் கையிலிருக்கும் காசை எண்ணிப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு நடந்து போவது. உங்கள் கணவரின் வாழ்க்கையில் அந்த நாலு வருடம் எவ்வளவு பெரிது என்பது உங்களுக்குப் புரிகிறது. மகளுக்கு அங்கே தெரிந்தது பழைய கட்டடம் ஒன்றும் குறுகலான தெருவும். அதற்குள் இருக்கும் கதையை அவளிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருந்தால் நீங்கள் அதைக் கட்டாயம் எழுதியிருப்பீர்கள்.

அவள் கேட்டது மரியாதைக் குறைவுதான். அதை நான் மழுப்பவில்லை. "அப்பா ஆசையாகக் காட்டிய இடத்தை அப்படிச் சொன்னது அவரைக் காயப்படுத்திவிட்டது" என்று நீங்கள் அவளிடம் நேராகவே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் "இவ்வளவு செலவு செய்து கூட்டிப்போனோமே, நன்றி இருக்கா?" என்று தொடங்காதீர்கள். பயணத்தைக் கடனாக்கிவிட்டால் அவள் அடுத்த பயணத்துக்கே வரமாட்டாள்.

கணவரிடம் நீங்கள் ஒன்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் சாப்பிட்டு முடித்த ஒரு ராத்திரி, பிள்ளைகளும் இருக்கும்போது, "அந்த மேன்ஷன்ல உங்க ரூம்ல எத்தனை பேர் இருந்தீங்க?" என்று நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார், காய்ச்சல் வந்தபோது யார் பார்த்துக்கொண்டார்கள், எந்தக் கடையில் கடன் சொன்னார். அறிவுரை கலக்காமல் அவர் சொல்லட்டும். "நாங்க அப்போ எவ்வளவு கஷ்டப்பட்டோம், நீங்க என்னடான்னா" என்ற வாக்கியம் வந்தால் கதை அங்கேயே செத்துவிடும், அதை மட்டும் முன்னாடியே அவரிடம் சொல்லி வையுங்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு, தன் வயதை அப்போதுதான் தாண்டியிருந்த அப்பாவைத் தெரிந்துகொள்ளும் ஆசை நிச்சயம் இருக்கும்.

மகன் வாங்கிய அறை

இருபது நிமிடம் மகனைக் காணாமல் தவித்த தகப்பனின் பதற்றம் எனக்குப் புரிகிறது. அறைந்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூட்டத்தில் பிரிந்தால் ஆபத்து என்பதை அவன் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில் அவன் மனதில் பதிந்தது தெருவே திரும்பிப் பார்த்த அவமானம் மட்டும். அடுத்த முறை தொலைந்தால், கண்டுபிடிக்கப்படுவதற்கே பயப்படுவான். அதுதான் பெரிய ஆபத்து.

கணவர் அவனிடம் தனியாக, "உன்னைக் காணோம்னதும் ரொம்ப பயந்துட்டேன்டா. ஆனா அடிச்சது தப்பு" என்று சொன்னால் போதும். அப்பாவின் கௌரவம் அதில் குறையாது. நீங்கள் இடையில் தூது போய் "அப்பா வருத்தப்பட்டார்" என்று சொல்வது இதற்கு ஈடாகாது.

அப்புறம், பிரிந்தால் என்ன செய்வது என்று நான்கு பேரும் உட்கார்ந்து பேசி வையுங்கள். பிரிந்துவிட்டோம் என்று தெரிந்ததும் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்பது. அப்பா, அம்மா இருவர் எண்ணும் மனப்பாடமாக இருப்பது. போனில் சார்ஜ் தீர்ந்தால் அந்த எண் எங்கிருந்து கிடைக்கும்? ஒவ்வொரு இடத்திலும் இறங்கியதும் "பிரிந்தால் இங்கே" என்று ஓர் அடையாளத்தைக் கைகாட்டிக்கொள்வது. யாரிடமாவது உதவி கேட்பதென்றால் சீருடையில் இருக்கும் காவலரிடமோ கல்லாவில் இருப்பவரிடமோ கேட்பது. அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098.

போனைப் பிடுங்குவது பற்றி

வேண்டாம் என்பதே என் கருத்து. கூட்டமான ஊரில் பிள்ளையின் கையில் போன் இல்லாமல் போவது உங்களுக்கே பயம் தரும். தவிர, போனை வாங்கிவிட்டால் அவள் உங்களோடு பேசத் தொடங்கிவிடுவாள் என்று நீங்கள் நினைப்பது நடக்காது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். போன் அவளுக்கு அன்று ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது. அதே போனில் வழி பார்ப்பதும் மெட்ரோ டிக்கெட் எடுப்பதும் சாப்பாட்டுக் கடை தேடுவதும் அவர்கள் பொறுப்பு என்று கொடுத்துப் பாருங்கள். சென்னை மெட்ரோவில் வாட்ஸ்அப் வழியாகவே டிக்கெட் எடுக்கலாம், உங்கள் மகன் அதில் உங்களுக்கே பாடம் நடத்துவான். சாப்பிடும் நேரத்தில் போன் வேண்டாம் என்று ஒரு விதி வைப்பது நியாயம். அது கடையிலிருந்து வரும் அழைப்புகளுக்கும், அதாவது உங்கள் கணவருக்கும் பொருந்த வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெளியே போகும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது இந்த வயதில் சாதாரணம். வீட்டிலும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறாள், வரைவதையே விட்டுவிட்டாள், தோழிகளோடும் பேசுவதில்லை, தூக்கமோ சாப்பாடோ மாறிவிட்டது, வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரிப் பேசுகிறாள் என்றால் அது வேறு விஷயம். அப்போது தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தோழிகளோடு ஊர் சுற்றத் துடிக்கிற உங்கள் மகளிடம் இந்த அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தோழிகளோடு தனியாக

பதினாறு வயதுப் பெண் பெற்றோர் துணையில்லாமல் பஸ்ஸிலோ ரயிலிலோ போகக் கூடாது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் 18 வயது நிரம்பும்வரை சட்டத்தின் கண்ணில் அவள் குழந்தை, பொறுப்பு உங்களுடையது. "கூடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் என்ன ஆகும்? சிலர் அடங்கிவிடுவார்கள். சிலர் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டாவதில் அவள் எங்கே இருக்கிறாள் என்பதே உங்களுக்குத் தெரியாது. அதற்காக, தனியாக வெளியூர் போய்ப் பழகாத மூன்று பெண்களை முதல் முறையே 180 கிலோமீட்டருக்கு மேல் அனுப்பி, இருட்டில் திரும்பி வரட்டும் என்று விடவும் நான் சொல்லமாட்டேன்.

நம் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். முதலில் அங்கே அரை நாள். வார நாளாக இருக்கட்டும், சனி ஞாயிறில் வெளியூர்க் கூட்டமும் குடித்துவிட்டுத் திரிபவர்களும் அதிகம். அருங்காட்சியகம், பாரதி பூங்கா, பழைய பிரெஞ்சுத் தெருக்கள் என்று படம் வரையும் பெண்ணுக்கு உட்கார இடம் நிறைய உண்டு. இருட்டுவதற்குள் வீடு. தோழிகள் இருவரின் வீட்டிலும் நீங்களே பேசிவிடுங்கள், மகள் சொன்னதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கடலில் இறங்குவதில்லை என்பதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். கடலூர் சில்வர் பீச்சைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, நமக்குத் தெரியாத கடலா என்ற தைரியம் இருக்கும். புதுச்சேரிக் கடலும் சரி, மெரினாவும் சரி, இழுத்துக்கொண்டு போகிற நீரோட்டம் உள்ளவை.

அது நல்லபடியாக முடிந்தால் அடுத்த கட்டம் சென்னை. நீங்களோ வேறொரு தோழியின் அம்மாவோ கூடப் போய், அதே மாலில் வேறு மாடியில் இருந்துகொண்டு அவர்களை மூன்று மணி நேரம் விட்டுவிடலாம். பின்னாலேயே நடக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்யாதீர்கள். ஏதாவது ஒரு சங்கடத்தில் "அம்மா, வந்து கூட்டிட்டுப் போ" என்று அவள் அழைத்தால், வீடு வந்து சேரும்வரை திட்டு கிடையாது என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

அடுத்த முறை நால்வருமாக

கணவர் சொன்னதைக் கோபத்தில் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி சென்னை போவதானால், ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். இந்தப் பயணத்தில் இருவர் ஆசை, அடுத்ததில் மற்ற இருவர் ஆசை. அந்த "மற்ற இருவரில்" உங்கள் பெயரும் இருக்க வேண்டும்.

யாருக்கு முதல் வாய்ப்பு என்று கேட்டால், முறிந்து நிற்பது அப்பாவும் மகளும்தான், அவர்களிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) வழியாகப் போனால் சென்னைக்குள் நுழையும் முன்பே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா வருகிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் பழைய வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்திய இடம். இன்னும் கொஞ்சம் தள்ளி ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தொடங்கியது. நகருக்குள்ளேயே போவதென்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம், 1851-இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள செப்புத் திருமேனிகளின் முன் வரையத் தெரிந்த பெண் ஒரு மணி நேரம் உட்காருவாள். மூன்றில் எது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். சாயங்காலம் திருவல்லிக்கேணி. கதை ஏற்கெனவே வீட்டில் சொல்லப்பட்டிருந்தால், இந்த முறை மேன்ஷன் வாசலில் அப்பா ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்காது.

வழி முழுக்கச் சின்னவன் பொறுப்பு. எந்தப் பஸ், எங்கே இறங்குவது, எங்கே மெட்ரோ மாறுவது எல்லாம் அவன் சொல்லட்டும். தவறான பக்கம் ஏறிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வருவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை, அப்போது யாரும் அவனை முறைக்காமல் இருந்தால் சரி. நடுவில் ஒரு மணி நேரமாவது இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள். மகனோடு நீங்கள், மகளோடு அவர். நான்கு பேராக இருக்கும்போது வராத பேச்சு இரண்டு பேராக ஒரு டீக்கடையில் நிற்கும்போது வரும். செலவுக்கு ஒரு தொகையை ஒதுக்கி மகளிடமே கொடுத்து, மதியச் சாப்பாட்டை அவள் கணக்கில் விட்டுவிடுங்கள்.

காலை ஏழு மணிக்கு மேல் கிளம்புங்கள். போய்ச் சேர மதியம் நெருங்கினாலும் பரவாயில்லை. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமையும், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை. கணவர் கடை மூடும் நாள் எது என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.